இரு உலகப் போர்களுக்கு நடுவே ஸ்லாவியல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மொழியியல் படித்தவர்களுக்கு, செக்கோஸ்லோவாக்கியாவின் தலைநகர் பிராகில் கூடிய மொழியியலாளர் குழுவான 'பிராக் வட்டம்' என்ற பெயர் தெரிந்திருக்கும். அந்த வட்டத்துக்காரர்களில் இரண்டு பெரிய தலைகள் ரஷ்யர்களாக இருந்தது எப்படி, அதில் ஒருவர் வியன்னாவில் உட்கார்ந்திருந்தது ஏன், இவர்களுக்கெல்லாம் படியளந்தது யார் என்பதைப் பாடப்புத்தகங்கள் சொல்வதில்லை. 1918க்கும் 1939க்கும் இடைப்பட்ட அந்தக் கதையைப் பற்றி வழக்கமாக எழும் கேள்விகளும் பதில்களும் இங்கே.

ஸ்லாவியல் என்றால் ரஷ்ய மொழிப் படிப்புதானே?

ரஷ்யன் அதில் ஒரு பெரிய கிளை, அவ்வளவுதான். கிழக்கே ரஷ்யன், உக்ரைனியன், பெலாருசியன். மேற்கே போலிஷ், செக், ஸ்லோவாக், கூடவே ஜெர்மனிக்குள் சின்னத் தீவாகக் கிடக்கும் சோர்பியன். தெற்கே ஸ்லோவேனியன், செர்பியன், குரோஷியன், மாசிடோனியன், பல்கேரியன். நாம் திராவிடவியல் என்கிறோமே, அந்த மாதிரி இந்தக் குடும்பம் முழுவதன் மொழி, இலக்கியம், நாட்டார் வழக்கு, வரலாறு எல்லாவற்றையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும் படிப்பு இது.

இது 1918க்கு முன்பே இருந்ததா?

நன்றாகவே இருந்தது. பாரிஸில் காலேஜ் த ஃப்ரான்ஸ் 1840ல் ஸ்லாவிய இருக்கை தொடங்கி, போலந்துக் கவிஞர் மிக்கியேவிச்சை அதில் உட்கார வைத்தது. வியன்னாவில் 1849ல் மிக்லோசிச். பெர்லினில் 1874ல் யாகிச். ('இருக்கை' என்ற சொல் ஹார்வர்ட் தமிழ் இருக்கைக்கு நிதி திரட்டிய காலத்தில் நமக்கெல்லாம் பழகிவிட்டது. இங்கேயும் அதே பொருள்தான்.)

ஆனால் அந்த இருக்கைகள் எங்கே இருந்தன என்று பாருங்கள். செக்கர், ஸ்லோவேனியர், குரோஷியர் எல்லாரும் வியன்னாவுக்குக் கப்பம் கட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் மொழியைப் பற்றிய கடைசி வார்த்தையும் வியன்னாவில்தான் சொல்லப்பட்டது. போலந்து என்ற நாடே வரைபடத்தில் இல்லை.

1918ல் ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசு உடைந்தது. அடுத்த வருடமே பிர்னோ, பிராட்டிஸ்லாவா, லுப்லியானா மூன்று ஊர்களிலும் புதுப் பல்கலைக்கழகங்கள். புது நாட்டுக்குப் பள்ளி ஆசிரியர் வேண்டும், இலக்கண நூல் வேண்டும், அகராதி வேண்டும், 'நாங்கள் பழைய இனம்' என்று சொல்ல வரலாறும் வேண்டும். ஸ்லாவியலுக்கு அடித்த யோகம் இதுதான். அரசாங்கத்துக்குத் தேவைப்பட்டதால் அரசாங்கப் பணம் வந்தது. இந்தப் படிப்பு பிற்பாடு பட்ட பாட்டுக்கும் அதே இடத்தில்தான் வேர்.

லண்டனில் போருக்கு நடுவிலேயே ஸ்லாவியப் பள்ளி தொடங்கினார்களாமே?

ஆமாம், 1915ல். கிங்ஸ் கல்லூரி முதல்வர் ரொனால்ட் பர்ரோஸ், வரலாற்றாசிரியர் ஸீட்டன்-வாட்சன், ரஷ்ய நிபுணர் பெர்னார்ட் பேர்ஸ் ஆகியோரின் முயற்சி. அக்டோபர் 19 அன்று தொடக்க உரை. தலைமை வகிக்க வேண்டிய பிரதமர் ஆஸ்க்வித்துக்கு உடம்பு சரியில்லை. லார்ட் ராபர்ட் செசில் வந்து தலைமை தாங்கினார்.

பேசியவர் தோமாஷ் மசாரிக். 65 வயது, பிராகில் தத்துவப் பேராசிரியராக இருந்தவர், ஆஸ்திரிய அரசுக்கு எதிராகக் கிளம்பி வெளிநாட்டில் ஒதுங்கியிருந்தவர். தலைப்பு, ஐரோப்பிய நெருக்கடியில் சிறு தேசங்களின் பிரச்சினை. பேர் கல்லூரிச் சொற்பொழிவு, உள்ளே இருந்தது நாடு கேட்கும் மனு. மூன்று வருடம் கழித்து அவர் செக்கோஸ்லோவாக்கியாவின் முதல் குடியரசுத் தலைவர். ஒரு மொழித் துறையின் தொடக்க விழாப் பேச்சாளர் நாட்டுத் தலைவரானதற்கு வேறு உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

1922ல் அங்கே மசாரிக் பெயரில் வரலாற்று இருக்கை ஏற்பட்டு ஸீட்டன்-வாட்சன் அமர்ந்தார். அதே வருடம் அந்தப் பள்ளியின் ஆய்விதழும் தொடங்கியது. 1932ல் கிங்ஸ் கல்லூரியிலிருந்து பிரிந்து லண்டன் பல்கலைக்கழகத்தின் தனி நிறுவனமானது.

நன்கொடைக்குக் கயிறு கட்டியிருக்கும் என்பதை அதே கல்லூரி வேறொரு துறையில் பட்டுத் தெரிந்துகொண்டது. கிரேக்கச் செல்வந்தர்கள் பணம் போட்டு உருவான நவீன கிரேக்க இருக்கையில் ஆர்னால்ட் டாயின்பி அமர்ந்தார். கிரேக்கப் படை துருக்கியில் செய்த அட்டூழியங்களைப் பற்றி எழுதினார். 1924ல் அந்த இருக்கையை விட்டு இறங்க வேண்டியதாயிற்று. ஸ்லாவியக்காரர்கள் இதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பார்கள்.

எல்லாரும் ஏன் பிராகிலேயே கூடினார்கள்?

புரட்சிக்கும் உள்நாட்டுப் போருக்கும் தப்பி ரஷ்யாவிலிருந்து ஓடிவந்தவர்களில் பேராசிரியர்கள் ஏராளம். பெர்லினிலும் பாரிஸிலும் அவர்கள் டாக்சி ஓட்டலாம், ஆனால் பாடம் நடத்துவது கஷ்டம். பிராக் அரசு 1921ல் ரஷ்ய உதவித் திட்டம் என்று ஒன்றைத் தொடங்கி மாணவர்களுக்கும் அறிஞர்களுக்கும் உதவித்தொகை கொடுத்தது. மசாரிக்கின் கணக்கு வெளிப்படை: போல்ஷெவிக்குகள் நிலைக்க மாட்டார்கள், நாளைய ரஷ்யாவுக்கு ஆள் தயார் செய்து வைப்போம். அந்தக் கணக்கு பொய்த்தது, ஆனால் கல்விக்கு லாபம். வியன்னாவில் தொடங்கிய உக்ரைனியச் சுதந்திரப் பல்கலைக்கழகமும் 1921லேயே பிராகுக்கு இடம் மாறியது. ரஷ்ய வெளிநாட்டு வரலாற்று ஆவணக் காப்பகம் 1923ல், ஸ்லாவிய நூலகம் 1924ல். அந்தக் காப்பகம் முழுவதும் 1945 முடியும் தறுவாயில் ரயிலேறி மாஸ்கோ போனது தனிக்கதை.

செக்கர்கள் சும்மா இருக்கவில்லை. 1922ல் 'ஸ்லாவியா' ஆய்விதழ். அதே வருடம் சட்டம் போட்டு ஸ்லாவிய நிறுவனம். சட்டம் வந்து ஆறு வருடம் கழித்துத்தான் அது வேலையைத் தொடங்கியது என்பதைப் படித்தபோது ஏதோ பழகிய காட்சி போல இருந்தது.

ஒரே ஊரில் செக் பல்கலைக்கழகம் ஒன்று, ஜெர்மன் பல்கலைக்கழகம் ஒன்று. இரண்டிலும் ஸ்லாவியல். ஜெர்மன் பல்கலைக்கழகத்தில் செக் மொழி சொல்லிக்கொடுத்த ஃப்ரான்ஸ் ஷ்பினா ஒரு ஜெர்மானியர், விவசாயக் கட்சி அரசியல்வாதி. 1926ல் செக்கோஸ்லோவாக் அமைச்சரவையில் சேர்ந்தார். ஜெர்மானியர் ஒருவர் பிராகில் அமைச்சராவதே அப்போது புதிது. 1929ல் கெர்ஹார்ட் கெஸமானோடு சேர்ந்து ஜெர்மன் மொழியில் ஸ்லாவிய இதழும் நடத்தினார். இரண்டு பக்கமும் பேசிக்கொள்ள முடியும் என்று நம்பியவர். 1938 செப்டம்பரில் இறந்தார். அதே மாதக் கடைசியில் ம்யூனிக்கில் ஒப்பந்தம் போட்டு ஹிட்லருக்காக அவருடைய நாட்டைத் துண்டு போட்டார்கள்.

பிராக் வட்டத்தின் முதல் கூட்டம் எப்படி நடந்தது?

1926 அக்டோபர் 6. கூட்டம் என்று சொல்வதே கொஞ்சம் அதிகம். ஆங்கிலப் பேராசிரியர் வில்லெம் மத்தேசியுஸின் அறையில் அரை டஜன் பேர். ஜெர்மனியிலிருந்து வந்த ஹென்ரிக் பெக்கர் என்ற இளைஞர் கட்டுரை வாசித்தார், மற்றவர்கள் விவாதித்தார்கள். இருந்தவர்களில் ஒருவரான யான் ரிப்கா பாரசீக, துருக்கிய மொழி ஆள். 1920ல் சோவியத் செஞ்சிலுவைக் குழுவோடு பிராகுக்கு வந்து அங்கேயே தங்கிவிட்ட ரோமான் யாகப்சனும் இருந்தார். ஸ்லாவியல் வரலாற்றின் மிகப் பிரபலமான கூட்டத்துக்கு அறை தந்தவர் ஆங்கிலத் துறைக்காரர் என்பது எனக்குப் பிடித்த விவரம்.

அவர்கள் அப்படி என்னதான் கண்டுபிடித்தார்கள்?

'காகம்' என்று சொல்லிப் பாருங்கள். முதல் க வல்லோசை. நடுவில் வரும் க தொண்டையில் இளகிப் போகிறது. 'தங்கம்' என்றால் அதுவே மூன்றாவது ஒலி. ஒலிப்பதிவுக் கருவிக்கு இவை மூன்று. நமக்கு ஒன்றே ஒன்று, எழுத்தும் ஒன்றே. எந்த இடத்தில் எந்த ஒலி வரும் என்று இடமே தீர்மானித்துவிடுவதால் பொருள் மாற வழியில்லை.

ரஷ்யக்காரருக்கு இது சரிப்படாது. அவர் மொழியில் வல்லொலி க வைத்து 'கோஸ்த்' என்றால் எலும்பு, மெல்லொலி க வைத்துச் சொன்னால் விருந்தாளி. தமிழில் எழுதினால் எலும்பும் விருந்தாளியும் ஒன்றாகிவிடும்! ஆக, காதில் விழும் ஒலி வேறு, மொழிக்குள் பொருளைப் பிரித்துக் காட்டும் அலகு வேறு. இந்த அலகைத்தான் ஒலியன் என்கிறோம்.

கருத்தின் விதை பழையது. போலந்துக்காரரான போதுவென் த கூர்த்தனே 19ஆம் நூற்றாண்டிலேயே ரஷ்யாவின் கசானில் இருந்துகொண்டு இதைத் தொட்டுவிட்டார். (1922ல் போலந்தின் சிறுபான்மையினர் அவரைக் குடியரசுத் தலைவர் தேர்தலில் நிறுத்தினார்கள். தோற்றார். மொழியியலாளர்களை நாட்டுத் தலைவராக்கிப் பார்க்கும் ஆசை அந்தக் காலத்தில் நிறையப் பேருக்கு இருந்திருக்கிறது போல.) பிராக்காரர்கள் செய்தது அதை ஒரு முறையாகக் கட்டியது. ஒவ்வொரு மொழியும் தன் ஒலிகளை எதிரெதிராக நிறுத்தும் ஒழுங்கைத் தேடினார்கள். அதில் தலையானவர் நிகொலாய் த்ருபெத்ஸ்கோய். அவருடைய ஒலியனியல் நூலில் தமிழின் வல்லின ஒலிகள் இடத்துக்கு இடம் மாறுவதும் பேசப்படுகிறது.

த்ருபெத்ஸ்கோய் பிராகில் இல்லையாமே?

அவர் வியன்னா. ரஷ்ய இளவரசர் குடும்பம், அப்பா மாஸ்கோ பல்கலைக்கழக ரெக்டராக (நம் துணைவேந்தர் மாதிரி) இருந்தவர். புரட்சிக்குப் பின் தெற்கே ஓடி, பல்கேரியத் தலைநகர் சோஃபியாவில் கொஞ்ச காலம் பாடம் நடத்தி, 1922ல் வியன்னாவில் மிக்லோசிச்சும் அவருக்குப் பிற்பாடு யாகிச்சும் அமர்ந்த அதே ஸ்லாவிய இருக்கைக்கு வந்தார். அப்போது வயது 32.

ஒலியனியலை மட்டும் வைத்துக்கொண்டு அங்கே காலம் தள்ள முடியாது. இருக்கை முழுவதும் அவர் தலையில்தான். ஒரு பருவம் பழைய சர்ச் ஸ்லாவோனிக் (ஸ்லாவியரின் பழைய சமய எழுத்து மொழி), அடுத்த பருவம் ஸ்லாவிய மொழி ஒன்றின் வரலாறு, இன்னொரு பருவம் தஸ்தயேவ்ஸ்கி என்று மாறி மாறிப் பாடம். நடுவில் யாகப்சனுக்குக் கடிதம் மேல் கடிதம். அந்தக் கடிதங்களில்தான் பாதி ஒலியனியல் பிறந்தது.

1929 மாநாடு ஏன் இவ்வளவு பேசப்படுகிறது?

அதுதான் முதல் சர்வதேச ஸ்லாவியலாளர் மாநாடு. செக் மொழியியலின் தந்தை தோப்ரோவ்ஸ்கி இறந்து நூறு வருடம் ஆனதை ஒட்டி அக்டோபரில் பிராகில் கூடியது. பிராக் வட்டம் தன் கொள்கை அறிக்கையை அங்கேதான் வைத்தது, அதுவும் பிரெஞ்சு மொழியில். ஸ்லாவிய அறிஞர்கள் கூடிய இடத்தில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு ஸ்லாவிய மொழி கிடைக்காத சங்கடம் பழையது. இரண்டாவது மாநாடு 1934ல் வார்சாவில்.

மொழி ஆய்வில் அரசியல் எந்த அளவுக்குக் கலந்தது?

சட்டப்புத்தகத்தைத் திறந்தாலே தெரியும். 1920ன் செக்கோஸ்லோவாக் மொழிச் சட்டம், 'செக்கோஸ்லோவாக் மொழி' அரசு மொழி என்றது. அப்படி ஒரு மொழியை யாரும் பேசவில்லை. பேசியது செக்கும் ஸ்லோவாக்கும். யுகோஸ்லாவிய முடியரசு ஒரு படி மேலே போய், 1921 அரசியல் சட்டத்தில் 'செர்போ-குரோவாத்திய-ஸ்லோவேனிய மொழி' என்று மூன்றையும் ஒரே முடிச்சில் கட்டியது. ஸ்லோவேனியன் தனி மொழி என்று ஸ்லோவேனிய விவசாயிக்குத் தெரியும். சட்டத்துக்குத் தெரியவில்லை. மாசிடோனியன் கதி இன்னும் மோசம். பெல்கிரேட் அதைத் தெற்குச் செர்பிய வட்டார வழக்கு என்றது, சோஃபியா அதைப் பல்கேரியன் என்றது, இரண்டு பக்கமும் பேராசிரியர்கள் வரைபடத்தோடு தயாராக இருந்தார்கள்.

எது மொழி, எது வழக்கு என்ற கேள்விக்கு மொழியியல் மட்டுமே பதில் சொல்லிவிடாது என்பது நமக்கும் தெரியாததல்ல. ஆனால் அங்கே அந்தப் பதிலின் மேல்தான் எல்லைக்கோடு நின்றது.

பாரிஸ், ரோம், அமெரிக்கா?

பாரிஸில் எர்னெஸ்ட் தெனி முயற்சியால் ஸ்லாவிய ஆய்வு நிறுவனம் எழுந்தது. 1921ல் பிரெஞ்சு மொழியியலாளர் அந்துவான் மெய்யே முதலானோர் நடத்திய ஆய்விதழ். இத்தாலியில் 1920ல் பாதுவா பல்கலைக்கழகத்தில் ஜியோவான்னி மாவெர், 1921ல் ரோமில் கிழக்கு ஐரோப்பிய நிறுவனம். அமெரிக்காவில் ஹார்வர்ட் 1896லேயே தொடங்கியிருந்தது, கொலம்பியாவில் 1915ல் தனித் துறை. ஆனால் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் அமெரிக்க ஸ்லாவியல் சின்னக் குடித்தனம்தான். அது பெருத்தது 1945க்குப் பிறகு, காரணம் வேறு.

ஹோமர் ஆய்வுக்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்கிறார்களே?

உண்டு, சுவையான தொடர்பு. ஸ்லோவேனியரான மத்தியா முர்கோ பிராகில் பேராசிரியர். போஸ்னியா, ஹெர்ஸகோவினா கிராமங்களில் ஒற்றை நரம்பு 'குஸ்லே'யை இழுத்தபடி கதைப்பாடல் பாடுகிறவர்களைத் தேடி அலைந்தவர். 1928ல் பாரிஸில் அதைப் பற்றித் தொடர் சொற்பொழிவு ஆற்றினார்.

அதே சமயம் பாரிஸில் மில்மன் பாரி என்ற அமெரிக்க இளைஞர் பழைய கிரேக்கக் காவியக் கவி ஹோமர் பற்றிய முனைவர் ஆய்வேட்டோடு வாய்மொழித் தேர்வுக்குக் காத்திருந்தார். முர்கோவின் சொற்பொழிவுச் சுவரொட்டி அவர் கண்ணில் பட்டது. தனக்கு அதில் என்ன வேலை என்று போகவில்லை. பிறகு பார்த்தால் தேர்வு நடக்கும் இடத்தில் முர்கோவே உட்கார்ந்திருக்கிறார். மெய்யே சொல்லித்தான் வந்திருப்பார் என்று பாரியே பின்னால் எழுதினார்.

ஹோமரின் திரும்பத் திரும்ப வரும் தொடர்கள் ஒரு பாடல் மரபின் சொத்து என்று பாரி ஏட்டை வைத்துக் காட்டியிருந்தார். அப்படிப் பாடுகிறவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள் என்பதை முர்கோ அறிந்திருந்தார். 1933லும், பிறகு 1934-35லும் பாரி யுகோஸ்லாவியா போனார். இடைவெளியில்லாமல் பதிவு செய்ய இரட்டைத் தட்டுக் கருவி ஒன்றைச் செய்வித்துக்கொண்டார். 3,500க்கும் மேற்பட்ட அலுமினியத் தட்டுகள் சேர்ந்தன. பியேலோ போல்யே ஊரில் எழுதப் படிக்கத் தெரியாத அவ்தோ மெஜெடோவிச் என்ற முன்னாள் கசாப்புக்காரர் 12,000 வரிக்கு மேல் நீளும் ஒரே பாடலைச் சொல்லி எழுத வைத்தார். ஹோமரின் ஒடிசி காவியத்தின் நீளம் அது. 1935 டிசம்பரில் 33 வயதில் பாரி இறந்துபோனார். தட்டுகள் ஹார்வர்டில் இருக்கின்றன.

சோவியத் ஒன்றியத்தில் ஸ்லாவியல் செழித்திருக்க வேண்டுமே?

வாடியது. நிகொலாய் மார் என்பவரின் 'புதிய மொழிக்கொள்கை' அங்கே கோலோச்சியது. உலக மொழிகள் எல்லாம் ஸல், பெர், யோன், ரோஷ் என்ற நான்கு அசைகளிலிருந்து வந்தவை, மொழிக்குடும்பம் என்பது முதலாளித்துவக் கற்பனை என்பது அதன் சாரம். மொழிக்குடும்பமே கற்பனையானால் ஸ்லாவியலுக்கு ஏது வேலை? ஸ்லாவியம் என்ற சொல்லே ஜார் காலத்து நாற்றம் அடிப்பதாகக் கருதப்பட்டது. லெனின்கிராடில் 1931ல் தொடங்கிய ஸ்லாவிய நிறுவனம் 1934ல் மூடப்பட்டது.

அதற்குள் கைதுகள் தொடங்கிவிட்டன. 1933-34ல் நடந்ததை 'ஸ்லாவியலாளர் வழக்கு' என்பார்கள். இல்லாத ஒரு 'ரஷ்ய தேசியக் கட்சி'யை விசாரணை அதிகாரிகள் ஜோடித்தார்கள். அதன் வெளிநாட்டுத் தலைமை என்று த்ருபெத்ஸ்கோயையும் யாகப்சனையும் காட்டினார்கள். பிராகிலிருந்து வந்த ஒரு கடிதம், ஓர் ஆய்விதழ் போதும் சாட்சிக்கு. நிகொலாய் துர்னவோ நான்கு வருடம் செக்கோஸ்லோவாக்கியாவில் இருந்துவிட்டு 1928ல் ஊர் திரும்பியவர். அதுவே குற்றம். சொலொவெட்ஸ்கித் தீவு முகாமுக்கு அனுப்பி, 1937 அக்டோபர் 27 அன்று சுட்டுக் கொன்றார்கள். கிரிகோரி இலின்ஸ்கியும் அந்த வருடமே சுடப்பட்டார். செலிஷ்சேவ் முகாமுக்குப் போனார். விக்தர் வினக்ராதவ் நாடுகடத்தலோடு தப்பி, பிற்பாடு சோவியத் மொழியியலின் தலைமகனானார்.

இதற்குச் சற்று முன் நடந்த இன்னொரு வழக்கான 'அகாதெமி வழக்கில்' சிக்கியவர்களில் அலெக்சாந்தர் மெர்வார்த்தும் ஒருவர். ஸ்லாவியலாளர் இல்லை, நம்மவர் மாதிரி: இலங்கையிலும் இந்தியாவிலும் இருந்து தமிழ் கற்று, லெனின்கிராடில் தமிழ் சொல்லிக்கொடுத்து, 1929ல் பேச்சுத் தமிழுக்கு ரஷ்ய மொழியில் இலக்கணம் வெளியிட்டவர். மறு வருடம் கைது. 1932ல் முகாமில் இறந்தார்.

தானாகத் திரும்பிப் போனவர்களும் உண்டு. லண்டனில் ரஷ்ய இலக்கியம் நடத்திய இளவரசர் மிர்ஸ்கி, போல்ஷெவிக்குகளை எதிர்த்த வெள்ளைப் படையில் அதிகாரியாக இருந்து, கம்யூனிஸ்டாக மாறி, 1932ல் மாஸ்கோ போனார். 1937ல் கைது, 1939ல் மகதான் அருகே முகாமில் மரணம்.

1938-39ல் என்ன ஆனது?

ஒவ்வொரு ஊராக அணைந்தது. 1938 மார்ச்சில் ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கினார். இனவாதத்தைக் கண்டித்து எழுதியிருந்த த்ருபெத்ஸ்கோயின் வீட்டில் நாஜி ரகசியப் போலீஸான கெஸ்டாப்போ சோதனை போட்டு, தாள்களை அள்ளிக்கொண்டு போனது. ஏற்கெனவே இதய நோயாளி. ஜூன் 25 அன்று இறந்தார், 48 வயது. ஒலியனியல் நூலில் கடைசிச் சில பக்கங்கள் மட்டும் எழுத மிச்சம். பிராக் நண்பர்கள் 1939ல் அப்படியே அச்சிட்டார்கள்.

1939 மார்ச்சில் ஜெர்மன் படை பிராகுக்குள் நுழைந்தது. பிர்னோவில் பேராசிரியராக இருந்த யாகப்சன் யூதர். டென்மார்க், நார்வே, ஸ்வீடன் என்று ஓடி 1941ல் அமெரிக்கா சேர்ந்தார். 1939 நவம்பர் 17 அன்று செக் பல்கலைக்கழகங்கள் எல்லாம் இழுத்து மூடப்பட்டன.

அதற்குப் பதினொரு நாள் முன் போலந்தின் கிராக்கோவில் நடந்தது இன்னும் கொடூரம். ஜெர்மன் அதிகாரி ஒருவர் உரையாற்றப் போகிறார், எல்லாரும் வாருங்கள் என்று பேராசிரியர்களுக்கு அழைப்பு. ரெக்டர் லேர்-ஸ்ப்வாவின்ஸ்கியே ஸ்லாவியலாளர். வந்தவர்களை அரங்கிலேயே வளைத்துப் பிடித்தார்கள், 183 பேர். பெரும்பாலோர் ஸாக்ஸன்ஹாவுஸன் முகாமுக்குப் போனார்கள். போலிஷ் இலக்கிய வரலாற்றாசிரியர் ஹ்ஷனோவ்ஸ்கி ஜனவரிக் குளிரில் அங்கேயே இறந்தார். பெர்லின் ஸ்லாவியப் பேராசிரியர் மாக்ஸ் ஃபாஸ்மர் அவர்கள் விடுதலைக்காகக் குரல் கொடுத்தார். ஃபாஸ்மரின் சொந்த இழப்பு 1944 ஜனவரியில் வந்தது. குண்டு வீச்சில் வீடு எரிந்து, ரஷ்யச் சொற்பிறப்பு அகராதிக்காகச் சேர்த்த குறிப்புகளும் சாம்பலாயின. மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். 1950க்கும் 1958க்கும் இடையில் மூன்று தொகுதிகளாக வந்த அந்த அகராதியைத்தான் இன்றும் புரட்டுகிறார்கள்.

மூன்றாவது ஸ்லாவியலாளர் மாநாடு எப்போது நடந்தது?

நடக்கவில்லை. 1939 செப்டம்பரில் பெல்கிரேடில் என்று நாள் குறித்து, கட்டுரைகளையெல்லாம் முன்கூட்டியே அச்சடித்து வைத்திருந்தார்கள். போர் வந்துவிட்டது. அடுத்த மாநாடு 1958ல் மாஸ்கோவில் கூடியபோது அதற்கு நான்காவது என்று எண் கொடுத்தார்கள். மூன்றை பெல்கிரேடுக்கே விட்டுவிட்டார்கள்.